ராகு, கேது, மாந்தி: ஜாதகக் கட்டத்துல உடம்பே இல்லாத மூணு புள்ளியோட கதையைப் படிக்கிறது எப்படி? முழு வழிகாட்டி

எங்க அக்காவுக்கு வரன் பாக்க ஆரம்பிச்ச நேரம். ஜாதகத்தை விரிச்சு வெச்ச ஜோசியர் ஒரு கட்டத்துல விரலை வெச்சு "ஏழுல ராகு"ன்னு மட்டும்தான் சொன்னாரு, அம்மா முகம் அப்படியே வாடிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நல்ல நல்ல எடமெல்லாம் அந்த ஒரே வார்த்தைல திரும்பிப் போச்சு. நான் அப்ப வீட்ல எல்லார்கிட்டயும் ராகுன்னா என்னன்னு கேட்டேன், பாட்டி பாம்புன்னாங்க, சித்தப்பா கிரகம்னாரு, அம்மா அசுரன்னாங்க. ஒரு பொண்ணோட கல்யாணத்தையே நிறுத்துற அளவுக்கு பயப்படுறோம், ஆனா எதைப் பாத்து பயப்படுறோம்னு வீட்ல ஒருத்தருக்கும் தெளிவா தெரியல. அந்த ஆதங்கத்துலதான் நான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். மூணு பேர் சொன்னதும் சரிதான்னு புரியவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

இதைப் படிக்கும்போது உங்க ஜாதகம், ஒரு நோட்டு, பென்சில் மூணும் பக்கத்துல இருக்கட்டும். அவசரமில்லாம பண்ணா ஒரு மணி நேரம் ஆகும்.

படி 1: கட்டத்துல மூணு எழுத்தைத் தேடுங்க

நம்ம ஊர் ராசிக் கட்டத்துல ராசிங்க எடம் மாறாது. மேல இடது மூலை மீனம், அதுக்கு வலது பக்கம் மேஷம், அப்படியே கடிகாரம் சுத்துற மாதிரி ரிஷபம், மிதுனம்னு போயிட்டே இருக்கும். இதுல "ல"ன்னு போட்டிருக்கிற கட்டம்தான் லக்னம், அதாவது நீங்க பொறந்த நிமிஷத்துல கிழக்கு அடிவானத்துல ஏறிட்டிருந்த ராசி. அது சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசின்னு மாறிடும், அதனாலதான் பொறந்த நேரத்தை அவ்ளோ கறாரா கேக்குறாங்க. லக்னக் கட்டத்தை 1ன்னு வெச்சு மத்த கட்டத்துக்கெல்லாம் 12 வரைக்கும் பென்சில்ல நம்பர் போட்டுக்கோங்க, 1ஆம் வீடு, 2ஆம் வீடுன்னு சொல்றது இந்த நம்பரைத்தான்.

அடுத்து "ரா", "கே", "மா" இந்த மூணையும் வட்டம் போடுங்க. ராகு இருக்கிற கட்டத்தை ஒண்ணுன்னு வெச்சு எண்ணிட்டே போனா ஏழாவது கட்டத்துல கேது இருந்தே ஆகணும். அப்படி இல்லன்னா ஜாதகத்தை எழுதினவங்களோ காப்பி பண்ணவங்களோ தப்பு பண்ணிருக்காங்க, அதை சரி பண்ணாம மேல போகாதீங்க. "மா" பல கம்ப்யூட்டர் ஜாதகத்துல இருக்காது, அது பரவாயில்ல, படி 5ல நாமளே கணக்கு போட்டுக்கலாம்.

படி 2: கதைக்கு முன்னாடி வானத்தைப் பாருங்க

செவ்வாயையோ குருவையோ ராத்திரி மொட்டை மாடில நின்னு கையைக் காட்டி சொல்லலாம். ராகுவை அப்படிக் காட்டவே முடியாது, ஏன்னா அங்க ஒண்ணுமே இல்ல. பூமிலேர்ந்து பாக்கும்போது சூரியன் ஒரு பாதைல போகுது, சந்திரன் இன்னொரு பாதைல போகுது, சந்திரனோட பாதை சூரியனோட பாதைக்கு சுமார் 5 பாகை சாஞ்சிருக்கு. ரெண்டு வளையத்தை சாய்ச்சு கோத்தா ரெண்டு எடத்துல வெட்டிக்கும் இல்லையா, சந்திரன் வடக்கு நோக்கி ஏறும்போது வெட்டுற புள்ளி ராகு, தெற்கு நோக்கி இறங்கும்போது வெட்டுற புள்ளி கேது. ஒரு வளையத்தோட எதிரெதிர் முனைங்கறதாலதான் ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் சரியா 180 பாகை.

இந்தப் புள்ளிங்க பின்னாடி நகரும். ஒரு முழு சுத்துக்கு 18.6 வருஷம், ஒரு ராசிக்கு சுமார் ஒன்றரை வருஷம். அந்த நகர்வைத்தான் ராகு-கேது பெயர்ச்சின்னு கொண்டாடுறோம். 2025ல ராகு கும்பத்துக்கும் கேது சிம்மத்துக்கும் வந்தது வாக்கியப்படி ஏப்ரல் 26, திருக்கணிதப்படி மே 18. ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் இவ்ளோ இடைவெளி இருக்கறதால உங்க ஜாதகம் எதுல கணிச்சதுன்னு நோட்டுல மொதல்ல எழுதி வெச்சுக்கோங்க. பெயர்ச்சியை ஒட்டிப் பொறந்தவங்களுக்கு ராகு இருக்கிற ராசியே மாறிடும்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏன் சூரிய கிரகணம் வர்றதில்லன்னா அந்த 5 பாகை சாய்வுதான் காரணம், சந்திரன் சூரியனுக்கு கொஞ்சம் மேலயோ கீழயோ தாண்டிப் போயிடுது. அமாவாசையோ பௌர்ணமியோ இந்த வெட்டுப்புள்ளிங்க பக்கத்துல நடந்தாதான் கிரகணம். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை பக்கமெல்லாம் சூரியன் மோதிரம் மாதிரி தெரிஞ்சுதே, அன்னிக்கு சூரியனும் சந்திரனும் தனுசுல, கூடவே கேது. அந்த நேரத்துல பொறந்த குழந்தையோட ஜாதகத்துல தனுசுக் கட்டம் நெறைஞ்சு வழியும், குரு, சனி, புதன்கூட அங்கதான். "சூ, சந், கே" மூணும் ஒரே கட்டத்துல எழுதிருந்தா அது பெரும்பாலும் கிரகணத்தை ஒட்டின அமாவாசைன்னு அர்த்தம், வெறும் மூணு எழுத்துல வானத்தோட போட்டோ மாதிரி பதிஞ்சிருக்கு.

படி 3: இப்ப கதை, ஆனா மெதுவா

பாற்கடல் கடைஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும். அமிர்தம் வந்தப்ப மோகினியா வந்த திருமால் தேவர்கள் வரிசைக்கு பரிமாற, ஸ்வர்பானுன்னு ஒரு அசுரன் தேவர் வேஷம் போட்டு சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல உக்காந்துட்டான், அவன் வாயில அமிர்தம் பட்டு தொண்டைக்குள்ள இறங்குறதுக்குள்ள ரெண்டு பேரும் காட்டிக் குடுத்துட்டாங்க, சக்கரம் கழுத்தை வெட்டிடுச்சு. அமிர்தம் பட்ட தலைக்கு சாவு இல்ல, அந்தத் தலைதான் ராகு, வெட்டுப்பட்ட உடம்பு கேது. காட்டிக் குடுத்தவங்க மேல வஞ்சம் வெச்சு அந்தத் தலை இன்னிக்கும் அவங்களை விழுங்குது, ஆனா கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லாததால விழுங்கினது வெளிய வந்துடுது.

இதை படி 2வோட சேத்துப் பாருங்க. ஏன் புதனையோ வெள்ளியையோ ராகு பிடிக்கல, சூரிய சந்திரனை மட்டும் பிடிக்குது? ஏன்னா அது அவங்க ரெண்டு பேர் பாதை வெட்டுற எடம். ஏன் கிரகணம் எப்பவும் விட்டுடுது? வயிறு இல்ல. ஏன் ரெண்டு துண்டும் சேரவே மாட்டேங்குது? 180 பாகை. கணக்கு தெரியாத குழந்தைகூட மறக்காத மாதிரி ஒரு வான சாஸ்திரப் பாடத்தை கதையா கட்டி வெச்சிருக்காங்க. இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

கதை ஒரே நாள்ல உருவானதும் இல்ல. ரிக்வேதத்துல ஸ்வர்பானு சூரியனை இருட்டால மூடறான், அத்ரி முனிவர் மீட்டுக் குடுக்கிறாரு, அங்க அமிர்தமும் இல்ல கேதுவும் இல்ல. மகாபாரதத்துல தலை வானத்துக்குப் போகுது, உடம்பு பூமில விழுந்து நிலம் அதிருது, அந்த உடம்புக்கு கேதுன்னு பேர் குடுக்கல. கேதுங்கற சொல்லுக்கு பழைய அர்த்தம் கொடி, அடையாளம். வால் நட்சத்திரத்தை தூமகேதுன்னு சொல்றது அதனாலதான், புகைக்கொடி. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டுல வால் நட்சத்திரங்களுக்குன்னே தனி அத்தியாயம் எழுதி அதுங்களை கேதுக்கள்னு பன்மைலதான் சொல்றாரு. அதே வராகமிகிரர், ஜோதிடத்துல அவ்ளோ பெரிய ஆள், சந்திர கிரகணம்னா சந்திரன் பூமியோட நிழலுக்குள்ள போறது, ராகு அதுக்கு காரணம் இல்லன்னு தெளிவா எழுதிட்டாரு. கதையையும் கணக்கையும் ஒரே ஆள் ஒரே கையில வெச்சிருக்கலாம்ங்கறதுக்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேணாம்.

தமிழ்ல பாத்தா நம்மளுக்கு அது மொதல்லேர்ந்தே பாம்புதான். திருக்குறள் 1146ல தலைவி சொல்றா, அவரைப் பாத்தது ஒருநாள்தான், ஆனா ஊர்ப்பேச்சு "திங்களைப் பாம்புகொண் டற்று" பரவிடுச்சுன்னு. 7ஆம் நூற்றாண்டுல சம்பந்தர் மதுரைக்குக் கெளம்பும்போது நாளும் கோளும் சரியில்லன்னு அப்பர் தடுக்க, அவர் பாடின கோளறு பதிகத்துல ஏழு கிழமைக் கோளையும் சொல்லிட்டு "பாம்பிரண்டும்"னு சேக்கறாரு. அதான் ராகு கரும்பாம்பு, கேது செம்பாம்பு. எங்க பாட்டி சொன்னது இதைத்தான்.

கோயிலுக்குப் போனா நவக்கிரக சன்னதில நின்னு ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க, ராகுவுக்கு மேல அசுரத் தலை, கீழ பாம்பு உடம்பு, கேதுவுக்கு மேல பாம்புத் தலை, கீழ மனுஷ உடம்பு. வெட்டுப்பட்ட ரெண்டு துண்டுக்கும் பாம்பால ஒட்டுப் போட்டிருக்கு! கும்பகோணம் பக்கத்து திருநாகேஸ்வரத்துல ராகு ரெண்டு மனைவியோட மனுஷ முகத்துல மங்கள ராகுவா இருக்காரு, கேதுவுக்கு பூம்புகார் பக்கம் கீழப்பெரும்பள்ளம். ராகுவுக்கு உளுந்தும் கோமேதகமும், கேதுவுக்கு கொள்ளும் வைடூரியமும்.

படி 4: தலையும் உடம்பும் எந்த வீட்ல விழுந்திருக்குன்னு படிங்க

நோட்டுல ரெண்டு கேள்வி எழுதுங்க. தலைக்கான கேள்வி: "எவ்ளோ சாப்ட்டாலும் வயிறு நெறையாத விஷயம் எது?" உடம்புக்கான கேள்வி: "கண்ணு இல்லாமலே, யோசிக்காமலே கை பாட்டுக்கு செய்யற விஷயம் எது?" ராகுவை போககாரகன்னும் (சுகபோகத்தைக் குடுக்கிறவன்) கேதுவை ஞானகாரகன்னும் (ஞானத்தைக் குடுக்கிறவன்) சொல்றதுக்குப் பின்னாடி இந்த ரெண்டு படமும் அப்படியே இருக்கு. தலைக்கு ருசி தெரியும், நெறைவு தெரியாது. உடம்புக்கு ஆசைப்பட கண்ணும் நாக்கும் இல்ல, அதனால அது விட்டுட்டுப் போகும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். கன்னி லக்னம், 2ஆம் வீடு துலாத்துல ராகு, 8ஆம் வீடு மேஷத்துல கேது. ரெண்டாம் வீடுன்னா குடும்பம், தனம், வாக்கு, சாப்பாடு, மொத்தத்துல வாய். வாயும் தலையுமா இருக்கிறவன் வாய் வீட்லயே வந்து உக்காந்திருக்கான். பேச்சால சம்பாதிக்கிறது, வேத்து பாஷைல வெளுத்துக் கட்டுறது, எவ்ளோ சேத்தாலும் பத்தாதுன்னு ஒரு தவிப்பு, இதெல்லாம் அந்தப் படத்துலேர்ந்தே வரும். எதிர்ப்பக்கம் மேஷம், பன்னெண்டு ராசியையும் காலபுருஷன்னு ஒரே ஆளோட உடம்பா பாத்தா மேஷம்தான் தலை, அங்க தலை இல்லாத கேது, அதுவும் மறைவான விஷயங்களுக்கான எட்டாம் வீட்ல. மத்தவங்க பயப்படுற எடத்துக்கு இவங்க யோசிக்காம உள்ள போயிடுவாங்கன்னு நான் படிப்பேன்.

அப்புறம் வீட்டுக்காரரைப் பாருங்க. ராகு கேதுவுக்கு சொந்த வீடு கெடையாது (சில நூல்கள் ஒதுக்கித் தர்றது உண்டு, ஆனா பொதுவா அப்படித்தான்), இருக்கிற வீட்டோட அதிபதி மாதிரி வேலை செய்யும்னு சொல்லுவாங்க. வேஷம் போட்டு பந்தில உக்காந்தவன் இல்லையா, எந்த வரிசைல உக்காந்தானோ அந்த ஆள் மாதிரியே தெரிவான். நம்ம உதாரணத்துல துலாம், அதிபதி சுக்கிரன். அந்த சுக்கிரன் பத்தாம் வீடு மிதுனத்துல இருந்தா, வாயோட பசி தொழிலுக்குப் போகுதுன்னு எழுதிக்கோங்க.

நட்சத்திரத்தையும் பாத்துடுங்க. ராகுவோடது திருவாதிரை, சுவாதி, சதயம், கேதுவோடது அஸ்வினி, மகம், மூலம். ராகு மிதுனம், துலாம், கும்பம் இதுல எதுலயாவது 6 பாகை 40 கலைலேர்ந்து 13 பாகை 20 கலைக்குள்ள (60 கலை ஒரு பாகை) இருந்தா, ராகு தன் சொந்த நட்சத்திரத்துல, எதிர்ல கேதுவும் தன் சொந்த நட்சத்திரத்துல இருக்கும். வெட்டுப்பட்ட ரெண்டு துண்டும் ஒரே நேரத்துல தன் தன் எடத்துல நிக்குற அமைப்பு இது. உங்க ஜாதகத்துல இருந்தா ஸ்டார் போட்டு வைங்க, கதை ரொம்ப சத்தமா பேசுற ஜாதகம் அது. தசையும் (ஒரு கிரகம் ஆளுற காலம்) நட்சத்திரத்துலேர்ந்துதான் வரும், ராகு தசை 18 வருஷம், கேது தசை 7 வருஷம்.

"ராகுவைப் போல் கொடுப்பாருமில்லை, கேதுவைப் போல் கெடுப்பாருமில்லை"ன்னு ஒரு பழமொழி இருக்கு, எனக்கு இதோட ரெண்டாவது பாதி உடன்பாடு இல்ல. ஆசைப்படுற தலை இல்லாதவன் விட்டுக் குடுக்கிறான், அதைக் கெடுக்கிறதுன்னு சொல்றது விட முடியாதவங்க பார்வை.

நாக தோஷத்தைப் பத்தி இங்கயே சொல்லிடறேன், இதுக்காகத்தான் நான் எழுதவே உக்காந்தேன். கல்யாணப் பொருத்தத்துல 1, 2, 7, 8ல ராகுவோ கேதுவோ இருந்தா தோஷம்பாங்க, சிலபேர் 5ஐயும் சேப்பாங்க. இப்ப கணக்கு போடுங்க. ராகு கேது எதிரெதிர்லதான் இருக்கும், அதனால மொத்தம் ஆறு ஜோடிதான்: 1-7, 2-8, 3-9, 4-10, 5-11, 6-12. இதுல மொதல் ரெண்டு ஜோடி தோஷம்னா ஆறுல ரெண்டு, ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இருக்கும். 5ஐ சேத்தா ஆறுல மூணு, ஊர்ல பாதிப் பேர்! பாதிப் பேருக்கு இருக்கிற ஒண்ணை அபூர்வமான சாபம் மாதிரி ஒரு பொண்ணு மேல சுமத்தி ரெண்டு வருஷம் வீட்ல உக்கார வெச்சோமேன்னு இப்பவும் மனசு ஆறல. அதுவும் ஏழுல ராகுன்னா லக்னத்துல கேது, தன்னைப் பத்தியே யோசிக்காம அடுத்தவங்களுக்கு ஓடுற ஆள். எங்க அக்காவைத் தெரிஞ்ச யாரும் இதை ஒத்துப்பாங்க, ஆனா அன்னிக்கு யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்ல.

படி 5: மாந்தியைக் கண்டுபிடிங்க

மூணாவது புள்ளி வானத்துல பாதை வெட்டுற எடம்கூட இல்ல, முழுக்க முழுக்க நேரத்துலேர்ந்து பொறந்தது. கணக்கு சுலபம். சூரிய உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் பகல் 30 நாழிகை, 1 நாழிகை 24 நிமிஷம். பகல்ல பொறந்தவங்களுக்கு மாந்தி உதயம்: ஞாயிறு 26, திங்கள் 22, செவ்வாய் 18, புதன் 14, வியாழன் 10, வெள்ளி 6, சனி 2 நாழிகைல. ராத்திரி பொறந்தா அஸ்தமனத்துலேர்ந்து எண்ணணும்: ஞாயிறு 10, திங்கள் 6, செவ்வாய் 2, புதன் 26, வியாழன் 22, வெள்ளி 18, சனி 14.

செவ்வாய்க்கிழமை பகல்னு வெச்சுப்போம். உதயம் 6 மணி, அஸ்தமனம் 6 மணின்னா 18 நாழிகை 7 மணி 12 நிமிஷம், ஆக மதியம் 1:12. அந்த நிமிஷத்துல கிழக்குல எந்த லக்னம் ஏறுதோ அங்கதான் மாந்தி. மார்கழி மாதிரி பகல் சின்னதா இருந்தா அதுக்கேத்த மாதிரி சுருக்கணும், உதாரணமா உதயம் 6:30, பகல் நீளம் பதினொன்றரை மணி நேரம்னா முப்பதுல பதினெட்டு பங்கு 6 மணி 54 நிமிஷம், அதனால 1:24. எல்லாரும் தப்பு பண்ற எடம் ஒண்ணு இருக்கு, விடியற்காலை 4 மணிக்குப் பொறந்தா காலண்டர்ல புதன்கிழமைன்னு இருக்கும், ஆனா உதயம் ஆகலன்னா ஜோதிடப்படி அது இன்னும் செவ்வாய் ராத்திரிதான்.

சரியா வந்துதான்னு பாக்க தினசரி காலண்டர் குளிகை நேரத்தைப் பாருங்க, செவ்வாய்க்கு 12லேர்ந்து 1:30, நம்ம 1:12 உள்ள இருக்கு. வெள்ளிக்கு 6 நாழிகைன்னா 8:24, குளிகை 7:30லேர்ந்து 9. ஏழு நாளுக்கும் பொருந்தும், ஏன்னா பகலை எட்டாப் பிரிச்சு அன்னிக்கு கிழமை அதிபதிலேர்ந்து வரிசையா குடுத்துட்டு வந்தா சனிக்கு விழற பங்குதான் குளிகை. சனிக்கு மந்தன்னு பேரு, மெதுவா நடக்கிறவன், ஒரு ராசியைக் கடக்க ரெண்டரை வருஷம் எடுத்துக்கிறவன். மந்தனோட பையன் மாந்தி. குளிகனும் மாந்தியும் ஒண்ணுன்னு சிலர், வேறன்னு சிலர். கும்பகோணம் பக்கம் திருநறையூர் ராமநாதசுவாமி கோயில்ல சனி பகவான் ரெண்டு மனைவி, மாந்தி, குளிகன் ரெண்டு பிள்ளைங்களோட குடும்பமா இருக்காரு.

நம்ம பக்கம் சொல்ற கதை ராவணன் கதை. தன் பையன் மேகநாதன் பொறக்கும்போது எல்லா கிரகமும் பதினொண்ணாம் வீட்ல, லாபஸ்தானத்துல நிக்கணும்னு ராவணன் உத்தரவு போட்டான். எல்லாரும் நின்னாங்க, சனி மட்டும் கடைசி நேரத்துல ஒரு காலை பன்னெண்டுக்குள்ள நீட்டிட்டாரு. ராவணன் கோவத்துல அந்தக் காலை வெட்ட, அதுலேர்ந்து மாந்தி வந்தான்னு சொல்லுவாங்க, சனி நொண்டி நடக்கிறதும் அதனாலன்னு. வடகேரளத்துல வேற கதை, மார்க்கண்டேயனுக்காக சிவன் காலனை எரிச்சப்புறம் உலகத்துல சாவே இல்லாம போக, சிவனோட இடது கால் பெருவிரல்லேர்ந்து குளிகன் வந்து அந்த வேலையை எடுத்துக்கிட்டாருன்னு, அங்க குளிகன் தெய்யமாவே (சாமி வேஷம் கட்டி ஆடற சடங்கு) ஆடறாரு. ரெண்டு கதைலயும் அவன் கால்லேர்ந்துதான் வர்றான்ங்கறதை கவனிங்க. தலையா ஒரு புள்ளி, முண்டமா ஒரு புள்ளி, காலா ஒரு புள்ளி.

குளிகை நேரத்துல செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும்னு நம்பிக்கை. அதான் கடனை அடைக்க, நகை வாங்க அதைத் தேடுவாங்க, கடன் வாங்கவும் பிணம் எடுக்கவும் தவிர்ப்பாங்க. அதனால மாந்தி இருக்கிற வீட்டுக்கு நான் கேக்கற கேள்வி: "எந்த விஷயம் எனக்கு ஒரே மாதிரி, மெதுவா, திரும்பத் திரும்ப வருது?" நாலுல மாந்தின்னா வீடு மாத்திக்கிட்டே இருக்கிறது, அம்மாவோட அதே சண்டை, இப்படி. அந்த வீட்டு அதிபதி நல்ல எடத்துல இருந்தா கால் மறுபடி நடக்க ஆரம்பிக்கும்னு படிங்க.

படி 6: மூணையும் சேத்து எழுதுங்க

நோட்டுல மூணு வரி போதும், ஒவ்வொண்ணுக்கும் வீடு, வீட்டு அதிபதி, கேள்விக்கு உங்க பதில். பதிலை ஜோசியர்கிட்ட கேக்காம நீங்களே உங்க வாழ்க்கைலேர்ந்து எழுதணும், ஒண்ணும் தோணலன்னா காலியா விடுங்க. புத்தகத்துல போட்டிருக்கிற பலனை காப்பி பண்ணா இந்த முழு வேலையும் வீண்.

படி 7: தேதிங்களைக் குறிங்க

ராகு பொறந்த எடத்துக்கே திரும்பி வர்றது 18.6 வயசுல, அப்புறம் 37, 56, 74 வாக்குல. நடுவுல 9, 28, 46 வயசுங்கள்ல ராகு இருந்த எடத்துக்கு கேது வந்து நிக்கும், தலையும் உடம்பும் எடம் மாத்திக்கும். இந்த வயசுங்கள்ல என்ன நடந்துச்சுன்னு வீட்ல பெரியவங்களையும் கேட்டு எழுதி வைங்க.

கிரகணம் வந்தா அன்னிக்கு அது எந்த ராசின்னு பாத்து உங்க கட்டத்துல எந்த வீடுன்னு குறிங்க. 2025 செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம், கும்பத்துல, ராகுவோட. 9:57க்கு ஓரத்துல கறுக்க ஆரம்பிச்சு 11:01க்கு முழுசா மூடி, 12:23 வரைக்கும் நிலா செம்பு நிறத்துல இருந்த அந்த ராத்திரி. கும்பம் எங்க அக்காவுக்கு ஏழாம் வீடு, ராகு அவ பொறந்தப்ப இருந்த அதே எடத்துக்கு ரெண்டாவது சுத்து முடிச்சு வந்திருந்துச்சு. போன்ல ரெண்டு பேரும் பேசிக்கிட்டே அவ ஊர்ல அவளும் இங்க நானுமா பாத்தோம், பின்னாடி அவ பையன் "அம்மா, பாம்பு எப்ப விடும்?"னு கேட்டுட்டே இருந்தான், அவ அவனுக்கு கழுத்து வெட்டுப்பட்ட கதையை மொதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சா.